கையடக்க மிரர்லெஸ் கேமராவுக்கு மேனுவல் லென்ஸ்: பழையதை அடாப்டரில் பூட்டுவதா, புதியதை நேராக வாங்குவதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் வேண்டாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட சிறிய மிரர்லெஸ் கேமரா கையில் இருக்கிறது, கையால் ஃபோகஸ் செய்யும் மேனுவல் லென்ஸ் ஆசையும் வந்துவிட்டது என்றால், 50 மி.மீ.யும் அதற்கு மேலும் பழைய எஸ்எல்ஆர் லென்ஸாக இருக்கட்டும், அடாப்டர் போட்டுக்கொள்ளலாம். 35 மி.மீ.யும் அதற்குக் கீழும் பழையதின் பக்கமே போக வேண்டாம். உங்கள் கேமராவின் மவுண்ட்டுக்கென்றே (லென்ஸைப் பூட்டும் வாய்க்கென்றே) இப்போது தயாராகும் மேனுவல் லென்ஸைப் புதிதாக வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ், அதாவது லைக்கா போன்ற கண்ணாடி ஏறி இறங்காத பழைய ஃபிலிம் கேமராக்களின் லென்ஸ், என்று ஒரு வழி இருக்கிறது. அழகானது, ஆனால் செலவும் மெனக்கெடலும் கூடுதல். ஓடியாடும் குழந்தைகளைப் படம் எடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் இந்த மூன்றுமே வேண்டாம்.

கணக்குக்கு நான் எடுத்துக்கொண்ட கேமரா சோனி ஆல்ஃபா 6000. 2014-இல் வந்தது. பேட்டரியோடு 344 கிராம். உடம்புக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது. பழைய கேமராதான், ஆனாலும் இந்த விஷயத்தில் எங்கே இடிக்கும் என்பதை ஒளிக்காமல் காட்டும் கேமரா. ஃபியூஜி எக்ஸ்-ஈ வரிசை வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். இன்னும் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்காரர்களுக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

நீளம்தான் முதல் கணக்கு

லென்ஸ் வந்து உட்காரும் முகத்திலிருந்து சென்சார் வரை ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் ஒரு நிலையான தூரம் உண்டு. ஃபிலிம் கால எஸ்எல்ஆர் கேமராக்களில் நடுவே காட்சியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டியிருந்ததால் அந்தத் தூரம் அதிகம்: நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு 46.5 மி.மீ., ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, எம்42 திருகு மவுண்ட்டுக்கும் பென்டாக்ஸ் கே மவுண்ட்டுக்கும் 45.46, மினோல்டாவுக்கு 43.5, கேனான் எஃப்டிக்கு 42. அந்தக் கண்ணாடியைத் தூக்கி எறிந்த மிரர்லெஸ்ஸில் அது சுருங்கிவிட்டது: சோனி ஈ மவுண்ட்டில் 18, ஃபியூஜி எக்ஸில் 17.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 19.25. பழையதிலிருந்து புதியதைக் கழித்தால் வருவதுதான் அடாப்டரின் உயரம். உள்ளே லென்ஸ் கண்ணாடியும் இல்லை, மின்சுற்றும் இல்லை, வெறும் உலோகக் குழாய். 2008-இல் பானசோனிக் லூமிக்ஸ் ஜி1 வந்த நாள் முதல் பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்ததற்கு இந்தக் கழித்தல் கணக்கைத் தவிர வேறு ரகசியம் எதுவும் இல்லை.

இதில் அதிகம் லாபம் பார்த்தது கேனான் எஃப்டி. 1987-இல் கேனான் ஈஎஃப் மவுண்ட்டுக்குத் தாவியதும் எஃப்டி லென்ஸ்கள் அனாதையாயின. ஈஎஃப் மவுண்ட்டின் தூரம் 44 மி.மீ. என்பதால், இடையில் லென்ஸ் கண்ணாடி வைக்காமல் அந்த லென்ஸ்களைக் கேனானின் சொந்த டிஎஸ்எல்ஆரில்கூடத் தூரக் காட்சிக்குப் பயன்படுத்த வழியில்லை. நல்ல கண்ணாடி இருந்தும் கேட்பாரற்றுக் கிடந்த அவற்றை மிரர்லெஸ் வந்துதான் மீட்டது.

இப்போது அளவுநாடாவை எடுத்துக்கொள்வோம். நிக்கான் எஃப் லென்ஸைச் சோனியில் பூட்டும் அடாப்டரின் உயரம் 28.5 மி.மீ. ஆல்ஃபா 6000-உடன் வரும் 16-50 கிட் லென்ஸ் மடங்கிய நிலையில் 29.9 மி.மீ. அதாவது வெறும் அடாப்டரே கிட் லென்ஸ் அளவுக்கு நீளம். அதற்கு மேல்தான் லென்ஸ் தொடங்குகிறது. சட்டைப்பைக்கு அருகில் வரக்கூடிய கேமரா என்று வாங்கியதை மீண்டும் தோள்பைக்கு அனுப்பும் வேலை இது. கையடக்கம்தான் முக்கியம் என்று கேமரா வாங்கியவர்கள் இதை யோசிக்காமல் முதல் லென்ஸை வாங்கிவிடுகிறார்கள். எஃப்டி அடாப்டர் 24 மி.மீ.தான் என்பதால் நாலரை மி.மீ. மிச்சம். ஆனால் அந்த மிச்சத்துக்காக எஃப்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன்.

எஸ்எல்ஆர் 50-களில் உடம்பு சிறுத்தவற்றில் ஒன்று ஒலிம்பஸ் ஓஎம் சூய்கோ 50 மி.மீ. எஃப்1.8 (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரிது). நீளம் சுமார் 32 மி.மீ., எடை 170 கிராமுக்குள். அடாப்டரோடு சேர்த்தால் நீளம் 60 மி.மீ.; அடாப்டரின் எடை சுமார் 100 கிராம் கூடுதல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

50 மி.மீ. இங்கே 50 அல்ல

ஏபிஎஸ்-சி சென்சார் ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறியது. 50 மி.மீ. லென்ஸ் இதில் 75 மி.மீ. லென்ஸின் கோணத்தைத்தான் காட்டும். முகப் படத்துக்கு அருமை. ஹாலில் ஐந்து பேரை நிற்கவைத்து எடுக்கப் போனால் முதுகு சுவரில் முட்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அதே லென்ஸ் 100 மி.மீ. ஆகிவிடுகிறது; அங்கே பழைய 50 என்பது முகத்துக்கும் மேடைக்கும் மட்டுமே.

ஆகவே பழைய லென்ஸ் உலகில் மலிவாகவும் தரமாகவும் கிடைப்பது எதுவோ, அது நமக்கு நெடு லென்ஸாக மாறிவிடுகிறது. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். 80-களில் ஒவ்வோர் எஸ்எல்ஆர் கேமராவோடும் ஒரு 50 விற்றார்கள். அதனால்தான் அவை இன்றும் கொட்டிக் கிடக்கின்றன. அன்று எல்லோருக்கும் பொது லென்ஸாக இருந்ததை இன்று முகப்பட லென்ஸ் விலையின் ஒரு பங்கில் வாங்குகிறோம். மாறாக, அன்றைய அகலக் கோண லென்ஸ்களான 24, 28 இரண்டும் நம்மிடம் வந்து 36, 42 என்று சாதாரணமாகிவிடுகின்றன. எஃப்2.8 லென்ஸ் ஒன்றுக்காகக் கேமராவைவிட நீளமான குழாயை முன்னால் தொங்கவிட்டு, கிட் லென்ஸ் ஏற்கெனவே தரும் கோணத்தைப் பெறுகிறோம். கூடுதலாகக் கிடைப்பது ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம். அதற்கு இந்தப் பாடு வேண்டாம்.

ஹீலியோஸ் 44-2 பற்றிக் கேட்காதவர்கள் இல்லை என்பதால் ஒரு வார்த்தை. 58 மி.மீ. எஃப்2, ஜெர்மனியின் செய்ஸ் யேனா நிறுவனத்தின் பயோட்டார் வடிவமைப்பைத் தழுவிச் சோவியத் ஒன்றியத்தில் பெருமளவில் செய்தது. பின்னணி இலைகள் சுழல்வதுபோல வரும் என்பதுதான் இதன் புகழ். அந்தச் சுழல் பிறப்பது சட்டகத்தின் ஓரங்களில். ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரங்களை வெட்டி எறிந்துவிடுகிறது. ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் எடுத்த படங்களைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, சுழல் எங்கே என்று தேடுபவர்கள் நிறைய. நல்ல, உறுதியான 58 மி.மீ. லென்ஸாக வாங்குங்கள்; சுழலுக்காக வாங்காதீர்கள்.

எஃப்1.4-க்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

என் பதில், வேண்டாம். எஃப்1.8-க்கும் எஃப்1.4-க்கும் இடையே உள்ளது முக்கால் ஸ்டாப்பை ஒட்டிய வித்தியாசம். நம் ஊர் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்16 வைத்தால் ஷட்டர் 1/100 வரும். அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப்1.4 வரை திறந்தால் ஏழு ஸ்டாப் கூடும். ஷட்டர் 1/12800 தேவை. ஆல்ஃபா 6000-இன் உச்ச வேகம் 1/4000. எஃப்2-இல்கூட 1/6400 கேட்கும். எஃப்2.8-க்கு மூடினால்தான் 1/3200-இல் படம் சரியாக விழும். பகல் வெளியில் எஃப்1.4-உம் எஃப்1.8-உம் ஒரே எஃப்2.8 லென்ஸாகத்தான் உழைக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும் இருள் வடிகட்டி மாட்டினால் ஒழிய.

வீட்டுக்குள் இரவில் அந்த முக்கால் ஸ்டாப் உதவும். ஆனால் பழைய எஃப்1.4 லென்ஸ்களில் பலவும் முழுத் திறப்பில் மெல்லிய பனிப் படலம் போட்டதுபோல எழுதும். ஃபோகஸ் விழுந்ததா இல்லையா என்பதே குழப்பமாகும். எடையும் கூடும்: பிந்தைய கேனான் எஃப்டி 50 எஃப்1.4 லென்ஸ் 235 கிராம்.

சூப்பர் டாக்குமார் 50 எஃப்1.4-இன் ஏழு கண்ணாடிப் பதிப்பில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. காலப்போக்கில் அது தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகும். புற ஊதா ஒளி பட்டால் நிறம் தெளியும். சில வாரம் ஜன்னலோர வெயிலில் வைத்தாலே போதும். வெயிலுக்கா நம்மிடம் பஞ்சம்? கேமராவே வெண்சமநிலையைச் சரிசெய்துவிடும் என்பதால் மஞ்சள் ஒரு பெரிய குறையும் அல்ல, கொஞ்சம் வெளிச்சம் வீண், அவ்வளவுதான். ஆனாலும் லென்ஸ் வாங்குவதற்கு முன்பே வைத்தியம் யோசிக்க வேண்டிய லென்ஸ் எதற்கு என்பது என் கட்சி.

மவுண்ட்களுக்குள் எது?

வீட்டுப் பீரோவில் ஏற்கெனவே என்ன கிடக்கிறதோ அதுதான். நம் ஊர்க் கல்யாண ஸ்டுடியோக்காரர்களிடம் நிக்கான் எஃப்எம்10-உம் பென்டாக்ஸ் கே1000-உம் இருந்தன. சித்தப்பாவோ மாமாவோ ஒரு காலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்றால் கேட்டுப் பாருங்கள். இலவசமாக வரும் பென்டாக்ஸ் 50 எஃப்2-உடன் போட்டி போடக்கூடிய லென்ஸ் சந்தையில் இல்லை.

புதிதாகத் தேர்ந்தெடுப்பதானால் சில நுணுக்கங்கள் உண்டு. எஃப்டி லென்ஸின் அபெர்ச்சரைக் கேமராவின் நெம்புகோல்தான் இயக்கும். ஆகவே அடாப்டரிலேயே ஒரு பூட்டு வளையம் இருக்க வேண்டும், அதைத் திருப்பி வைக்க மறந்தால் அபெர்ச்சர் வளையம் சுற்றும், ஆனால் உள்ளே எதுவும் அசையாது. எம்42 லென்ஸ்களில் பின்புறம் ஒரு சிறு ஊசி இருக்கும். லென்ஸில் மேனுவலுக்கு மாற்றும் சுவிட்ச் இல்லை என்றால், ஊசியை அழுத்தி வைக்கும் விளிம்புள்ள அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். நிக்கானில் இந்தத் தொல்லைகள் இல்லை, வளையம் திருப்பினால் அபெர்ச்சர் மூடும். ஜி வகை நிக்கான் லென்ஸ்களில் மட்டும் வளையமே கிடையாது, அவற்றுக்கு அடாப்டரிலேயே அபெர்ச்சர் கட்டுப்பாடு வேண்டும். நிக்கானின் ஃபோகஸ் வளையம் கேனானுக்கு எதிர்த் திசையில் சுற்றும் என்பதால் இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் கை தடுமாறும். ஒரு மவுண்ட்டில் தொடங்கினால் அதிலேயே நின்றுகொள்வது நல்லது.

என் தேர்வு ஓஎம் சூய்கோ. சிறியது, அபெர்ச்சர் வளையம் லென்ஸின் முன் நுனியில் இருப்பதால் கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே விரல் கண்டுபிடித்துவிடும்.

கண்ணால் ஃபோகஸ் செய்வது எப்படி இருக்கும்

கூர்மையான விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் பீக்கிங் வசதியை நம்பித்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். அது பாதி உண்மை. ஒரு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. எஃப்1.8-இன் கூர்மை ஆழம் சுமார் 3 செ.மீ. மூக்கு நுனியில் ஃபோகஸ் வைத்தால் கண் தப்பிவிடும். பீக்கிங்கோ மூக்கு, கண், காது மூன்றையும் சிவப்பாகப் பூசி எல்லாம் சரி என்று சொல்லும். அதன் அளவைக் குறைந்த நிலையில் வைத்தால் பூச்சு மெலிந்து கொஞ்சம் நாணயம் வரும். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுப்பவர்கள் திரைக் காட்சியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொண்டால் சிவப்புக் கோடு தனித்துத் தெரியும். கோப்பில் வண்ணம் பத்திரமாக இருக்கும்.

உறுதியான வழி, படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான். அதற்கென ஒரு பட்டனை ஒதுக்கி, சுமார் ஆறு மடங்கு பெரிதாக்கி, கண் இமையில் ஃபோகஸ் வைத்து, அழுத்திவிட வேண்டும். பெரிதாக்கிய காட்சியில் கை நடுக்கமும் பெரிதாகும். உடம்பில் நடுக்கத் தடுப்பு உள்ள ஆல்ஃபா 6500, 6600, 6700 அல்லது ஒலிம்பஸ், பானசோனிக் கேமராக்களில் இந்தக் காட்சி நிலையாக நிற்பது ஒரு வரம். அவற்றில் லென்ஸின் குவியத் தூரத்தை மெனுவில் நாமே கொடுக்க வேண்டும். 50 என்றால் 50 என்றே கொடுங்கள், 75 என்றோ 100 என்றோ பெருக்க வேண்டாம்.

ஆல்ஃபா 6000-இல் இன்னொரு சிக்கல். மாட்டியிருப்பது என்ன லென்ஸ் என்று கேமராவுக்குத் தெரியாது. அபெர்ச்சர் முன்னுரிமையில் ஐஎஸ்ஓவையும் தானியங்கியில் விட்டால் அது 1/60 ஷட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்; 75 மி.மீ. கோணத்துக்கு அது போதாது. மேனுவல் முறைக்கு மாறி, ஷட்டரை 1/125-இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை மட்டும் கேமராவிடம் விட்டால் பாதிப் படங்கள் காப்பாற்றப்படும்.

அசையாத அல்லது ஓரிடத்தில் இருக்கும் முகங்களுக்கு இவ்வளவும் சுகமான வேலை. மார்கழிக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறார், மைக்கும் அசையாது, ஒருமுறை ஃபோகஸ் வைத்தால் ஒரு ராகம் முடியும் வரை வைத்ததுதான். 135 மி.மீ. எஃப்3.5 போன்ற பழைய நெடு லென்ஸ்கள் சந்தையிலேயே மலிவானவை, யாரும் சீந்துவதில்லை. நம் சென்சாரில் அவை 200 மி.மீ. கோணம் தரும். பின் வரிசையிலிருந்து மிருதங்கக்காரரின் விரல் வரை எட்டும். சத்தமில்லா மின்னணு ஷட்டர் உள்ள கேமராவானால் பக்கத்து ரசிகரின் முறைப்பு மிச்சம். ஆனால் எல்இடி மேடை விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக விழக்கூடும், ஓரிரண்டு எடுத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதே மேடையில் பரதநாட்டியம் என்றால் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸை எடுத்துப் போங்கள்.

அகலக் கோணத்துக்கு ஏன் புதியது

அளவையும் வெளிச்சத்தையும் பற்றி முன்பே சொன்னேன். அதைவிட முக்கியமான காரணம் அடாப்டரின் தடிமன். மலிவான அடாப்டர்களைத் தேவையானதைவிட ஒரு நூலளவு குட்டையாகவே செய்கிறார்கள். நீளமாகிவிட்டால் தூரக் காட்சியில் ஃபோகஸ் கிடைக்காது, வாங்கியவர் திட்டுவார். குட்டையானால் வளையம் முடிவிலியை (மிகத் தொலைவுக் காட்சி கூர்மையாகும் நிலையை) தாண்டிச் சுற்றும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சரி, 0.1 மி.மீ. குட்டை என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் வளையத்தின் 25 மீட்டர் கோட்டிலேயே முடிவிலி வந்துவிடும். பெரிய பாதகம் இல்லை, பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைக்கப் போகிறோம். 24 மி.மீ. லென்ஸிலோ 6 மீட்டர் கோட்டுக்கு முன்பே முடிவிலி. 3 மீட்டர் கோட்டில் வைத்தால் கூர்மை விழுவது 6 மீட்டருக்கும் அப்பால். தூர அளவுகோல் முழுக்கப் பொய்யாகிவிடுகிறது.

அகலக் கோண மேனுவல் லென்ஸின் சுகமே அந்த அளவுகோல்தான். 25 மி.மீ. லென்ஸை எஃப்8-இல், 4 மீட்டரில் வைத்துவிட்டால் 2 மீட்டரிலிருந்து முடிவிலி வரை எல்லாம் கூர்மை. கடைத்தெருவில் நடந்தபடி எடுக்கலாம், எந்த ஆட்டோ ஃபோகஸையும்விட வேகம், ஏனென்றால் ஃபோகஸ் செய்ய வேண்டியதே இல்லை. இந்த வேலைக்கு அடாப்டர் நடுவில் வரக் கூடாது.

7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் போன்ற சீன நிறுவனங்கள் சோனி, ஃபியூஜி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்ட்களுக்கென்றே சிறிய உலோக லென்ஸ்களை மலிவாகத் தருகின்றன. 7ஆர்ட்டிசன்ஸ் 25 மி.மீ. எஃப்1.8, டிடிஆர்ட்டிசன் 35 மி.மீ. எஃப்1.4 இரண்டையும் கிட் லென்ஸின் இடத்தில் மாட்டினால் கேமரா இன்னும் கேமராவாகவே இருக்கும், தூம்பாக மாறாது. முழுத் திறப்பில் மூலைகள் குழைந்துதான் இருக்கும். எதிர்வெயிலில் பளபளப்பு எழும். எஃப்5.6-க்கு மேல் குறை சொல்ல அதிகம் இல்லை. 25 எஃப்1.8-இன் அபெர்ச்சர் வளையம் கிளிக் சத்தமின்றிச் சுற்றும், வீடியோக்காரர்களுக்காக. பையிலிருந்து எடுக்கும்போது அது தானாக நகர்ந்திருக்கும், ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். புதிய லென்ஸிலும் தூரக் கோடுகள் அச்சுப் பிசகாமல் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை; வாங்கிய அன்றே தரையில் அளந்து சோதித்தால் போதும், அதற்குப் பிறகு அது மாறாது.

காசு தாராளமாக இருந்தால் கொசினா தயாரிக்கும் ஃபோய்க்ட்லாண்டர். ஃபியூஜி எக்ஸுக்கான 35 எஃப்1.2 போன்றவற்றில் மின் இணைப்பும் உண்டு. அபெர்ச்சர் விவரம் கோப்பில் பதிவாகும். நாம் பேசும் வெறும் குழாய் அடாப்டரில் பூட்டிய லென்ஸ்களில் அது பதிவாகாது. எந்தப் படம் எந்த அபெர்ச்சர் என்று பின்னால் ஆராயும் குணம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள்

அளவு மட்டுமே அளவுகோல் என்றால் இவற்றை யாரும் மிஞ்ச முடியாது. லைக்கா எம் மவுண்ட்டின் தூரம் 27.8 மி.மீ.; ஆக சோனிக்கு அடாப்டர் உயரம் 9.8 மி.மீ.தான். பழைய 39 மி.மீ. திருகு மவுண்ட் 28.8; ஒரு மி.மீ. வளையம் ஒன்றைத் திருகி அதையும் எம் மவுண்ட்டாக்கிவிடலாம். லைக்கா லென்ஸ் விலையைப் பேசவே வேண்டாம். கைக்கு எட்டுவது ஜூப்பிட்டர்-8: 50 மி.மீ. எஃப்2, செய்ஸ் சொனார் வடிவமைப்பின் சோவியத் பிள்ளை, எடை 130 கிராம் அளவு. ஆல்ஃபா 6000-இல் பூட்டினால் அதற்கென்றே செய்ததுபோல உட்காரும்.

குறை, கிட்டே போக முடியாது. ஜூப்பிட்டர்-8 ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் சட்டகத்தின் அகலம் 42 செ.மீ. எஸ்எல்ஆர் 50 ஒன்று 45 செ.மீ. வரை போகும், அங்கே அகலம் 16 செ.மீ. ஃபில்டர் காபி டம்ளரையும் அதன் நுரையையும் சட்டகம் நிறைய எடுக்க ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸால் ஆகாது. சுழற்றினால் 4 மி.மீ. அளவுக்கு வெளியே நீளும் அடாப்டர்கள் இந்தக் குறையைப் போக்கும். இந்த வழியில் போவதானால் சாதா அடாப்டரை விட்டுவிட்டு முதலிலேயே அதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சொனார் வகையில் அபெர்ச்சரை மூட மூடக் கூர்மைத் தளம் கொஞ்சம் நகரும் என்பதால், எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே ஃபோகஸ் வைக்க வேண்டும்.

ஏமாறாமல் வாங்க இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஜூப்பிட்டர்-8, கியேவ் கேமராவின் மவுண்ட்டிலும் உண்டு. அது இந்த அடாப்டரில் ஏறாது. இன்னொன்று இதைவிடக் கெட்டது: பழைய ஜெனித் எஸ்எல்ஆர் லென்ஸ்களும் அதே 39 மி.மீ. திருகுதான், ஆனால் அவற்றின் தூரம் 45.2 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் அடாப்டரில் அவை கச்சிதமாகத் திருகிக்கொள்ளும், எதிலும் ஃபோகஸ் விழாது. அகல லென்ஸான ஜூப்பிட்டர்-12-இன் பின் கண்ணாடி கேமராவுக்குள் வெகுதூரம் துருத்திக்கொண்டு போகும். சில கேமராக்களில் இடிக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

மற்றவை விரைவாக. உள்ளே கண்ணாடி வைத்து, லென்ஸ் விழுத்தும் படத்தை 0.71 மடங்காகக் குறுக்கும் ஸ்பீட் பூஸ்டர் வகை அடாப்டர்கள், 50 எஃப்1.4 லென்ஸை 35 எஃப்1.0 ஆக்கிவிடும், மெட்டாபோன்ஸ் 2013-இல் கொண்டுவந்தபோது அது மந்திரம்தான். ஹீலியோஸின் சுழலும் இதனால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் உள்ளே நல்ல கண்ணாடி உள்ளதன் விலையும் எடையும் கையடக்கக் கேமராவுக்குப் பொருந்தாது. மலிவானவை மூலைகளைக் கெடுக்கும். வீடியோக்காரர்களுக்கு நியாயம் உண்டு, நமக்கு இல்லை. சிசிடிவி கேமராக்களுக்கான சி மவுண்ட் லென்ஸ்கள் சட்டகத்தை நிறைக்காது, நான்கு மூலையும் கறுத்திருக்கும். விளையாட்டுக்கு வாங்கலாம்.

ஆட்டோ ஃபோகஸ் என்ற நேர்மையான எதிராளி

சோனியின் சொந்த 50 மி.மீ. எஃப்1.8 ஓஎஸ்எஸ் லென்ஸ்: நீளம் 62 மி.மீ., எடை 202 கிராம், ஆட்டோ ஃபோகஸ் உண்டு, நடுக்கத் தடுப்பும் உண்டு. சூய்கோவும் அடாப்டரும் சேர்ந்து 60 மி.மீ., எடையோ அதைவிட அதிகம். காகிதத்தில் பழையதற்கு ஒரு வாதமும் மிச்சமில்லை. விலை குறைவு என்பது உண்மை. ஆனால் பழையதை வாங்கி, சுத்தம் செய்து, அடாப்டரும் வாங்கினால் அந்த இடைவெளியும் சுருங்கும். குடும்பத்தில் ஒரே ஒரு கேமரா, எல்லோரும் எடுப்பார்கள் என்றால் இதை வாங்குங்கள்.

பழையதை வாங்க வைப்பது விரலுக்குக் கிடைக்கும் பிடிப்பு. கிரீஸில் வழுக்கிச் சுற்றும் அந்த வளையத்தின் சுகத்தை, மின்சாரத்தில் ஓடும் ஃபோகஸ் வளையம் எதுவும் தருவதில்லை. எதிரொளியில் நிழல்கள் சற்று வெளுத்து வரும் அந்தப் படங்களைக் கணினியில் செய்யலாம்தான். எடுக்கும்போதே வியூஃபைண்டரில் பார்ப்பது வேறு. இதெல்லாம் வேண்டாம் என்பவரிடம் நான் வாதாட மாட்டேன்.

வாங்கும்போது

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற ஈரக் காற்று ஊர்களில் லென்ஸின் எமன் பூஞ்சை. அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து கிளை பரப்பியிருந்தால் பூஞ்சை. கண்ணாடிப் பூச்சைத் தின்றுவிட்டிருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. முழுக்கப் புகை படிந்ததுபோல இருந்தால் உள்மூடுபனி, மாறுபாட்டை விழுங்கிவிடும். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் ஒன்றிரண்டு தூசி தெரிவதற்குப் பயப்பட வேண்டாம், படத்தில் வராது. அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பு மிரர்லெஸ்ஸில் பெரிய குற்றமல்ல, நாம் கையால்தான் மூடப்போகிறோம். ஃபோகஸ் வளையம் கல்லாக இறுகியிருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மீண்டும் போடலாம். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டினால் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

அடாப்டர் வந்ததும் முதலில் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் அனுமதியைத் திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் கேமரா படம் எடுக்க மறுக்கும், அடாப்டர் கெட்டது என்று தோன்றும். பிறகு மொட்டை மாடிக்குப் போய், தொலைவில் தெரியும் செல்போன் கோபுரத்தை முழுத் திறப்பில், பெரிதாக்கிப் பாருங்கள். வளையம் முடிவிலியில் முட்டுவதற்குச் சற்று முன்னால் கோபுரக் கம்பிகள் கூர்மையானால் சரி. முட்டிய பிறகும் கூர்மை வரவில்லை என்றால் அடாப்டர் நீளம், திருப்பி அனுப்புங்கள். லென்ஸைப் பிடித்து லேசாகத் திருகும்போது மவுண்ட்டில் ஆட்டம் தெரிந்தாலும் அப்படியே. விற்றவர் திருப்பி வாங்கும் கெடு முடிவதற்குள் இந்த இரண்டு சோதனைகளையும் முடித்துவிட வேண்டும்.